‘கலைஞர்’ என்றுதான் அர்த்தம்! - ஜப்பானின் கெய்ஷா பெண்கள்

மாலை ஆறு மணி. ஜப்பானின் பழைய தலைநகரான கியோட்டோவில், கியோன் பகுதியின் குறுகலான சந்துகளில் கூட்டம் சேர்கிறது. எல்லோர் கையிலும் கேமரா அல்லது செல்போன். மர வீடு ஒன்றின் கதவு மெல்ல நகர்கிறது. வெள்ளை பூசிய முகம், சிவந்த உதடு, பட்டு கிமோனோவுடன் ஓர் இளம்பெண் வெளியே வருகிறார். அவ்வளவுதான், பத்துப் பதினைந்து பேர் பாய்ந்து அவரைச் சூழ்ந்துகொள்கிறார்கள். சிலர் வழியை மறிக்கிறார்கள். கிமோனோவின் கைப்பகுதியைப் பிடித்து இழுப்பவர்களும் உண்டு. அந்தப் பெண் யாரையும் பார்ப்பதில்லை. சின்னச் சின்ன அடிகளாக எடுத்துவைத்து விறுவிறுவென்று நடக்கிறார். காரணம் எளிது. அவர் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்!

இந்தத் தொல்லை பொறுக்க முடியாமல், கியோனின் தனியார் சந்துகளில் போட்டோ எடுப்பதற்கு 2019-ல் தடை வந்தது. மீறினால் 10,000 யென் அபராதம் என்று பலகை வைத்தார்கள். அப்படியும் கூட்டம் குறையவில்லை. 2024-ல் அந்தச் சந்துகளுக்குள் சுற்றுலாப் பயணிகள் நுழையவே கூடாது என்று அறிவித்துவிட்டார்கள்.

கேமராவோடு துரத்துபவர்களில் பலருக்கு, தாங்கள் துரத்துவது யாரை என்பதே தெரியாது. ‘கெய்ஷா’ என்றதும் உலகத்தின் பாதிப் பேர் மனதில் தோன்றுவது ஒரு விலைமாதுவின் உருவம். ஆனால், ‘கெய்’ என்றால் கலை. ‘ஷா’ என்றால் ஆள். கெய்ஷா என்றால் கலைஞர். இந்த ஒரு சொல்லுக்கு உரிய மரியாதையைக் காப்பாற்ற, அந்தப் பெண்கள் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் வந்தவர்கள் ஆண்கள்!

ஆச்சரியமாக இருக்கலாம்... ஆரம்ப காலத்து கெய்ஷாக்கள் ஆண்கள்தான். விருந்துகளில் மேளம் தட்டி, பாட்டுப் பாடி, நகைச்சுவையாகப் பேசி விருந்தாளிகளைச் சிரிக்க வைப்பது அவர்கள் தொழில். 18-ம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் பெண்கள் இந்தத் தொழிலுக்குள் வந்தார்கள். சீக்கிரமே பெண்களின் எண்ணிக்கை கூடி, ஆண்கள் ஓரங்கட்டப்பட்டார்கள்.

அந்தக் காலத்தில் எடோ என்று அழைக்கப்பட்ட இன்றைய டோக்கியோவில், அரசு அனுமதியுடன் நடந்த யோஷிவாரா என்ற விலைமாதர் பகுதி இருந்தது. அங்கேயும் விருந்துகளில் பாடி ஆட கெய்ஷாக்கள் அழைக்கப்பட்டார்கள். ஆனால், விலைமாதர் விடுதிகளின் வியாபாரம் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக, கெய்ஷாக்கள் உடலை விற்கக் கூடாது என்று கண்டிப்பான விதிகள் போட்டார்கள். அதாவது, கெய்ஷாவைத் தனித் தொழிலாக்கியது யாருடைய பெரிய மனதும் அல்ல. அடுத்தவர்களின் வியாபாரக் கணக்கு! வேறுபாடு உடையிலேயே தெரிந்தது. விலைமாதர்கள் இடுப்புப் பட்டையான ‘ஓபி’யை முன்பக்கம் முடிச்சுப் போட்டார்கள். கெய்ஷாக்கள் முதுகுப் பக்கம் கட்டினார்கள். இன்றும் அப்படித்தான் கட்டுகிறார்கள்.

அதற்காக அந்தக் காலத்து வாழ்க்கை பூப்போல இருந்தது என்று சொல்லிவிட முடியாது. வறுமையில் வாடிய பெற்றோர், முன்பணம் வாங்கிக்கொண்டு சின்னப் பெண்களைக் கெய்ஷா வீடுகளில் விட்டுவிடுவார்கள். அந்தப் பெண் வளர்ந்து, ஆடிப் பாடிச் சம்பாதித்து அந்தக் கடனை அடைக்க வேண்டும். ‘தன்னா’ என்று அழைக்கப்பட்ட பணக்காரப் புரவலர் ஒருவரைச் சார்ந்து வாழும் நிலையும் பலருக்கு இருந்தது. அது எப்போதும் அந்தப் பெண்ணின் விருப்பப்படி நடந்தது என்று சொல்ல முடியாது. 1872-ல் மெய்ஜி அரசு இப்படிப்பட்ட கடன் அடிமைத்தனத்தை ரத்து செய்து ஆணையிட்டது. ஆனாலும், வேறு வேறு பெயர்களில் அது தொடர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த தொழிலாளர் சட்டங்களும், 1956-ல் நிறைவேறி 1958-ல் முழுமையாக நடைமுறைக்கு வந்த விபசாரத் தடுப்புச் சட்டமும்தான் உண்மையான மாற்றத்தைக் கொண்டுவந்தன. இன்று இந்தத் தொழிலுக்கு வரும் பெண்கள், தாங்களாக விரும்பி விண்ணப்பித்து வருகிறவர்கள்.

பதினைந்து வயதில் ஒரு முடிவு

கெய்ஷாக்கள் டோக்கியோ, கனசாவா எனப் பல ஊர்களில் இருந்தாலும், மரபு கலையாமல் இருப்பது கியோட்டோவில்தான். அங்கே கெய்ஷாவை ‘கெய்கோ’ என்று அழைக்கிறார்கள். பயிற்சியில் இருக்கும் இளம்பெண்ணுக்கு ‘மைக்கோ’ என்று பெயர். கேமராக்கள் துரத்துவது பெரும்பாலும் மைக்கோக்களைத்தான். கியோன் கோபு, கியோன் ஹிகாஷி, மியாகவாச்சோ, பொன்டோச்சோ, கமிஷிச்சிகென் என ஐந்து ‘பூ நகரங்கள்’ அங்கே இருக்கின்றன. கெய்ஷா குடியிருப்புகளுக்கு ஜப்பானியர்கள் வைத்திருக்கும் அழகான பெயர் அது.

ஜப்பானில் கட்டாயக் கல்வி 15 வயதில் முடிகிறது. அதன்பிறகுதான் ஒரு பெண் மைக்கோ ஆகப் பயிற்சிக்கு வர முடியும். பெற்றோரின் சம்மதமும் வேண்டும். ‘ஓகியா’ என்ற கெய்ஷா இல்லத்தில் சேர்ந்துவிட்டால், அதுதான் அவருக்கு வீடு. அதை நடத்தும் பெண்மணியை ‘ஓகாசான்’ என்று அழைக்க வேண்டும். அதன் பொருள், அம்மா. தனக்கு முன்னால் வந்தவர்கள் எல்லோரும் ‘ஒனேசான்’, அதாவது அக்கா. வயது கணக்கில்லை. ஒரு நாள் முன்னால் வந்திருந்தாலும் அக்கா, அக்காதான்!

முதல் ஓராண்டு கிமோனோ அலங்காரம் எதுவும் கிடையாது. வீட்டு வேலைகள் செய்து, அக்காக்களுக்குத் துணையாக இருந்து, பழக்கவழக்கங்களைக் கற்க வேண்டும். பேச்சையே மாற்றிக்கொள்ள வேண்டும். இப்போது ஜப்பானின் பல மூலைகளிலிருந்தும் பெண்கள் வருகிறார்கள். ஆனால், எந்த ஊர்க்காரராக இருந்தாலும் கியோட்டோவின் மென்மையான வட்டார வழக்கில்தான் பேச வேண்டும். நன்றி சொல்வதற்குக்கூட மற்ற ஊர்களில் சொல்லும் ‘அரிகாதோ’ கூடாது. ‘ஓகினி’ என்றுதான் சொல்ல வேண்டும்.

நடனம், ‘ஷாமிசென்’ என்ற மூன்று தந்தி வாத்தியம், மேளம், புல்லாங்குழல், தேநீர் பரிமாறும் சடங்கு எனக் காலையெல்லாம் வகுப்புகள். கியோன் கோபு பகுதியில் இதற்கென்றே ஒரு பள்ளி இருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் தொடங்கியது. அங்கே சேருவதற்குத்தான் காலம் உண்டு. படித்து முடித்துவிட்டேன் என்று வெளியேறுவது கிடையாது. எழுபது வயதைத் தாண்டிய கெய்கோகூடத் தொழிலில் இருக்கும்வரை வகுப்புக்குப் போகிறார். அங்கே கற்பிக்கப்படும் இனோவே நடனப் பள்ளியின் தலைவியாக இருந்த நான்காம் இனோவே யாச்சியோ, 1955-ல் ‘வாழும் தேசியப் பொக்கிஷம்’ என்று ஜப்பான் அரசால் கௌரவிக்கப்பட்டவர். அவர் பேத்தியான ஐந்தாம் யாச்சியோவுக்கும் 2015-ல் அதே கௌரவம் கிடைத்தது.

பயிற்சி போதும் என்று ஓகாசானுக்குத் தோன்றினால் அரங்கேற்றம் நடக்கும். அன்று புதிய மைக்கோவும் அவருடைய அக்காவும் மூன்று கிண்ணங்களில் ‘சாகே’ மதுவை மும்மூன்று முறை உதட்டில் வைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். ஜப்பானியத் திருமணங்களில் மணமக்கள் செய்யும் அதே சடங்கு! ரத்த உறவில்லாத இரண்டு பெண்கள் அன்றிலிருந்து உண்மையான அக்கா, தங்கை. தங்கைக்குத் தன் பெயரிலிருந்து ஓர் எழுத்தையும் அக்கா கொடுப்பார். பிறகு, தங்கை செய்யும் தவறுக்கு மன்னிப்புக் கேட்கப் போவதும் அக்காதான்.

தலை முதல் கால் வரை ஒரு மொழி

பார்ப்பவர்களுக்கு எல்லா மைக்கோக்களும் ஒரே மாதிரி தெரியலாம். விவரம் தெரிந்தவர்களுக்கு அந்த அலங்காரம் ஒரு திறந்த புத்தகம்.

கீழ் உதட்டில் மட்டும் சிவப்பு பூசியிருந்தால், அவர் தொழிலுக்கு வந்து இன்னும் ஓராண்டு ஆகவில்லை. கிமோனோவின் உள்கழுத்துப் பட்டை சிவப்பாக இருந்தால் இளையவர். ஆண்டுகள் போகப் போக அதில் வெள்ளைப் பூவேலை கூடிக்கொண்டே போகும். முழுவதும் வெள்ளையாகிவிட்டால் அவர் கெய்கோ. சுமார் இருபது வயதில் நடக்கும் இந்தப் பதவி உயர்வுச் சடங்கின் பெயரே ‘கழுத்துப் பட்டை மாற்றுதல்’தான்.

தலையில் செருகும் பட்டுப் பூக்கள் மாதத்துக்கு ஒன்றாக மாறும். ஏப்ரலில் செர்ரிப் பூ, நவம்பரில் மேப்பிள் இலை என்று வரிசை உண்டு. முதுகில் ஐந்து மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஓபி தொங்கும். அதன் நுனியில் அவருடைய ஓகியாவின் சின்னம் நெய்யப்பட்டிருக்கும். சின்னப் பெண்கள் வழி தவறினால் எந்த வீடு என்று கண்டுபிடிப்பதற்காக வந்த வழக்கம் என்று சொல்வார்கள். எல்லாம் சேர்ந்து 10 கிலோவைத் தாண்டும். இதைக் கட்டிவிட வலு வேண்டும் என்பதால், அதற்கென்றே ‘ஓதோகோஷி’ என்ற ஆண் உதவியாளர்கள் இருக்கிறார்கள். பெண்கள் மட்டுமே வாழும் ஓகியாவின் படியேறி வர அனுமதிக்கப்படும் வெகு சில ஆண்களில் அவர்கள் அடக்கம்.

கெய்கோ விக் வைத்துக்கொள்ளலாம். மைக்கோவுக்கு அந்தச் சலுகை இல்லை. சொந்த முடியில்தான் கொண்டை போட வேண்டும். வாரம் ஒருமுறைதான் அதைப் பிரித்துக் கட்டுவார்கள். அதுவரை கலையாமல் இருக்க, கழுத்துக்கு மட்டும் முட்டுக்கொடுக்கும் உயரமான கட்டைத் தலையணையில் தூங்க வேண்டும். தொடர்ந்து இழுத்துக் கட்டுவதால், உச்சந்தலையில் சிறிய வழுக்கை விழுந்த கெய்ஷாக்கள் நிறைய. வெள்ளைப் பூச்சுக்குப் பின்னால் இப்படி எத்தனையோ இருக்கின்றன.

தெரியாதவர்களுக்கு அனுமதி இல்லை

மாலை விருந்துகள் நடப்பது ‘ஓச்சாயா’ என்ற தேநீர் இல்லங்களில். பெயர்தான் தேநீர் இல்லம், நடப்பது விருந்து. எவ்வளவு பணம் இருந்தாலும் முதன்முறை வருபவரை உள்ளே விட மாட்டார்கள். பழைய வாடிக்கையாளர் ஒருவர் அழைத்துவர வேண்டும். கர்வம் என்று தோன்றலாம். உண்மையில் இது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. அங்கே யாரும் கையில் பணம் கொடுப்பதில்லை, கணக்கு பிறகுதான் வீட்டுக்குப் போகும். புதியவர் மரியாதை தவறினாலும், பணம் தரவில்லை என்றாலும், அழைத்து வந்தவர்தான் பொறுப்பு.

முன்பு நேரத்தை ஊதுவத்தியால் அளந்தார்கள். எத்தனை வத்தி எரிந்ததோ அத்தனைக்குக் கட்டணம். இன்று கடிகாரம் வந்துவிட்டது. ஆனால், கெய்ஷாவின் கட்டணத்துக்கு ‘பூப்பணம்’ என்ற பழைய பெயர் இன்னும் இருக்கிறது.

உள்ளே என்னதான் நடக்கும்? நடனம், பாட்டு, பேச்சு, விளையாட்டு. ‘தோரா தோரா’ என்றொரு விளையாட்டு உண்டு. திரைக்கு இருபுறமும் இருவர் நின்று, பாட்டு முடியும்போது புலியாகவோ, வீரனாகவோ, அவனுடைய கிழட்டுத் தாயாகவோ நடித்துக்கொண்டு வெளியே வர வேண்டும். வீரன் புலியை வெல்வான். புலி கிழவியை வெல்லும். கிழவி? அவள் அம்மா ஆயிற்றே... வீரனையே வென்றுவிடுவாள்! பெரிய கம்பெனியின் தலைவர் தவழ்ந்துவந்து புலியாக உறுமுவதைப் பார்த்து அறையே சிரிக்கும். அந்த அறையில் கேட்டது எதுவும் வெளியே போகாது. வாய் காப்பதும் கெய்ஷாவின் கலைகளில் ஒன்று.

ஓச்சாயாவுக்குள் நுழைய முடியாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. 1869-ல் தலைநகர் டோக்கியோவுக்குப் போனதும் கியோட்டோ சோர்ந்துபோனது. ஊரை மீட்க ஒரு கண்காட்சி நடத்தியபோது, 1872-ல் கியோன் கெய்கோக்கள் மேடையேறி எல்லோருக்கும் முன் ஆடினார்கள். ‘மியாகோ ஓதோரி’ என்ற அந்த நடன விழா, இன்றும் ஏப்ரல் மாதங்களில் நடக்கிறது. டிக்கெட் வாங்கிய யாரும் பார்க்கலாம்.

பெண் பிறந்தால் கொண்டாட்டம்

ஆண்களை மகிழ்விக்கும் தொழில்தான். ஆனால், அதை நடத்துவது முழுக்கப் பெண்கள். ஓகியாவுக்கும் ஓச்சாயாவுக்கும் உரிமையாளர்கள் பெரும்பாலும் பெண்கள். சொத்து அம்மாவிடமிருந்து மகளுக்குப் போகும். மகள் இல்லையென்றால் திறமையான கெய்கோ ஒருவரைத் தத்தெடுத்து வாரிசாக்குவார்கள். குடும்பப் பெயரைச் சொல்ல ஆண் வாரிசு வேண்டும் என்று ஏங்கிய ஜப்பானில், பெண் குழந்தை பிறந்ததற்குக் கொண்டாடிய வீடுகள் இவை.

இதற்கு ஒரு விலையும் உண்டு. திருமணம் செய்துகொண்டால் கெய்ஷாவாகத் தொடர முடியாது. காதலிக்கலாம், குழந்தை பெறலாம்... மனைவி ஆகக் கூடாது. தொழிலை விட்டு விலகும் கெய்ஷா, ஆசிரியர்களுக்கும் அக்காக்களுக்கும் சோறு வைத்த பெட்டிகளைக் கொடுத்து விடைபெறும் மரபு இருந்தது. வெறும் வெள்ளைச் சோறு என்றால், ‘இனி திரும்பி வர மாட்டேன்’ என்று பொருள். கொஞ்சம் சிவப்புப் பயறு கலந்த சோறும் இருந்தால், ‘ஒருவேளை திரும்பி வரலாம்... கதவைச் சாத்திவிடாதீர்கள்’ என்று சொல்லாமல் சொல்கிறார்!

ஒரு நாவலும் ஒரு வழக்கும்

கெய்ஷாவைப் பற்றிய உலகத்தின் எண்ணத்தை எழுதியவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டு ஆண்கள். 1904-ல் அரங்கேறிய புச்சினியின் ‘மேடம் பட்டர்ஃபிளை’ இசை நாடகத்தில், அமெரிக்கக் கடற்படை அதிகாரியை நம்பி ஏமாந்து உயிரை விடும் நாயகி ஒரு கெய்ஷா. போருக்குப் பிறகு ஜப்பானில் தங்கிய அமெரிக்கச் சிப்பாய்கள், வீதியில் நின்ற விலைமாதர்களையும் ‘கெய்ஷா கேர்ள்ஸ்’ என்றே அழைத்தார்கள். சொல் மேலும் கறைபட்டது.

1997-ல் ஆர்தர் கோல்டன் எழுதிய ‘மெமாயர்ஸ் ஆஃப் எ கெய்ஷா’ நாவல் உலகமெங்கும் விற்றது. 2005-ல் திரைப்படமாகவும் வந்தது. கோல்டனுக்குத் தன் வாழ்க்கையைச் சொல்லி உதவியவர்களில் ஒருவர், கியோனில் கொடிகட்டிப் பறந்த மினேகோ இவாசாகி. நாவலின் நாயகியுடைய கன்னிமை ஏலம் விடப்படுகிறது. அப்படி எதுவும் தனக்கு நடக்கவில்லை என்று கொதித்தார் இவாசாகி. பெயரை வெளியிட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, நன்றி சொல்லும் பக்கத்தில் தன் பெயரைப் போட்டுவிட்டார் என்றும் குற்றம்சாட்டினார். அதனால் தனக்குக் கொலை மிரட்டல்கள் வந்ததாகவும் சொன்னார். 2001-ல் வழக்குத் தொடர்ந்தார். 2003-ல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆனது. அதற்கிடையில், 2002-ல் தன் கதையைத் தானே புத்தகமாக எழுதினார்.

அந்தப் புத்தகத்தில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. கெய்ஷா ஒரு கலைஞர் என்று உலகத்தோடு சண்டை போட்ட அதே இவாசாகி, தன் உலகத்தின் குறைகளையும் மறைக்கவில்லை. ஐந்து வயதில் ஓகியாவுக்கு வந்தவர் அவர். கலைப் பயிற்சி கிடைத்த அளவுக்குப் பொதுக் கல்வி கிடைக்கவில்லை, மாற்றச் சொல்லியும் யாரும் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறார். புகழின் உச்சியில், 29 வயதில் தொழிலை விட்டு விலகினார்.

இன்றைய கேள்வி

2022-ல், முன்னாள் மைக்கோ ஒருவர் சமூக வலைதளத்தில் எழுதிய பதிவு ஜப்பானை உலுக்கியது. 16 வயதிலேயே தன்னை மது அருந்த வைத்ததாகவும், வாடிக்கையாளர்கள் அத்துமீறி நடந்ததாகவும் அவர் சொல்லியிருந்தார். ஜப்பானில் 20 வயதுக்குக் கீழ் மது அருந்துவது சட்டப்படி தவறு.

விவாதம் அங்கிருந்து வேறு இடத்துக்கும் போனது. மைக்கோவுக்குச் சம்பளம் கிடையாது. உணவு, தங்கும் இடம், விலை உயர்ந்த கிமோனோ, வகுப்புக் கட்டணம் எல்லாம் ஓகியாவின் செலவு. கையில் கிடைப்பது செலவுப் பணம் மட்டுமே. அதற்கு ஈடாக ஐந்தாறு ஆண்டுகள் அந்த வீட்டுக்காக உழைக்க வேண்டும். அப்படியென்றால் மைக்கோ மாணவியா, தொழிலாளியா? மாணவி என்றால் நள்ளிரவுவரை ஏன் வேலை? தொழிலாளி என்றால் சம்பளம் எங்கே, விடுமுறை எங்கே? மரபு என்ற ஒரு சொல் இதற்கெல்லாம் பதிலாகிவிடாது.

கெய்ஷாக்களின் எண்ணிக்கையும் சுருங்கிவிட்டது. 1920-களில் ஜப்பான் முழுவதும் 80,000 பேர்வரை இருந்ததாகச் சொல்கிறார்கள். இன்று ஆயிரம் சொச்சம் பேர்தான் என்று மதிப்பிடுகிறார்கள். கியோட்டோவின் ஐந்து பகுதிகளையும் சேர்த்தால்கூட மைக்கோக்கள் நூறு பேர் தேற மாட்டார்கள். அவர்களை நம்பித்தான் பட்டு நெய்பவர்கள், கொண்டைப் பூ செய்பவர்கள், விசிறி செய்பவர்கள், வாத்தியம் செய்பவர்கள் என எத்தனையோ கைவினைஞர்களின் பிழைப்பும் இருக்கிறது. புதிய பெண்கள் வர வேண்டும் என்றால், தன் மகளைப் பயமில்லாமல் அனுப்பலாம் என்ற நம்பிக்கை ஒரு தாய்க்கு வர வேண்டும். மரபைக் காப்பாற்றும் வழியும் அதுதான்.

கெய்ஷா என்றால் இளமை, அழகு என்று நினைப்பவர்கள், விருந்து அறையின் ஓரத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அங்கே கறுப்பு அல்லது அடக்கமான நிறக் கிமோனோவில், ஷாமிசென்னோடு உட்கார்ந்திருப்பார் ஒரு மூத்த கெய்கோ. ‘ஜிகாதா’ என்பது அவர் பெயர். பாட்டும் வாத்தியமும் அவர் பொறுப்பு. அறுபது வயதானாலும், எண்பது வயதானாலும் அவருக்கு ஓய்வு என்று ஒன்று கிடையாது. கேமராவோடு துரத்துபவர்கள் யாரும் அவரைப் பின்தொடர்வதில்லை. ஆனால், அவர் தந்தியை மீட்டிய பிறகுதான் இளைய மைக்கோ தன் விசிறியையே விரிப்பார்.